ஃப்ளையைப் படமெடுக்க எந்தக் கேமரா? முதலில் அடிக்கோலை எடுங்கள்

ராவாங்கிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ரெண்டாயிரம் வெள்ளி சேர்த்து வெச்சிருக்கேன். ஃப்ளையைக் கிட்டத்துல எடுக்க எந்தக் கேமரா வாங்கலாம்?" தோமான் மீனுக்கு ஃப்ளை என்ற பொய் இரையைக் கட்டித் தூண்டில்காரர்களுக்கு விற்கிறான் அவன். வாட்ஸ்ஸாப்பில் படம் அனுப்பித்தான் வியாபாரம். நான் அவனிடம் திருப்பிக் கேட்டேன்: "நீ கட்டுற ஃப்ளை எத்தனை சென்டிமீட்டர்?" அவனுக்குத் தெரியவில்லை. மூன்று வருடமாகக் கட்டுகிறான், ஒரு நாளும் அளந்ததில்லை.

இதே கேள்வியோடு பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். எல்லாரிடமும் கேமரா பெயர்களின் பட்டியல் இருக்கும், ஃப்ளையின் அளவு இருக்காது. அதனால் இந்த ஒப்பீட்டை அளவிலிருந்தே தொடங்குகிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விளக்கம்: தூண்டில் முள்ளின் மேல் இறகு, உரோமம், மினுக்கு இழை எல்லாம் வைத்து நூலால் இறுக்கிக் கட்டி, மீனின் கண்ணுக்குப் பூச்சியாகவோ குஞ்சு மீனாகவோ தோன்றச் செய்யும் பொய் இரைதான் ஃப்ளை. செந்தூல் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் எட்டு வருடமாக இதைக் கட்டிவருகிறேன். கட்டிய ஒவ்வொன்றையும் படமெடுத்து வைக்கிறேன். தெமெங்கோர் ஏரியில் ஒரு தோமான் கடித்துக் குதறிய ஃப்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் முதலில் எத்தனை இழை இருந்தது, இறகு முள்ளைத் தாண்டி எவ்வளவு நீண்டிருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. படம்தான் எனக்கு நோட்டுப் புத்தகம். ஆகவே படத்தில் தலைப்பகுதியின் நூல் சுற்றுகளை எண்ண முடிய வேண்டும், இறகின் நிறம் நிறமாகவே இருக்க வேண்டும், முள்ளின் கண்ணிலிருந்து வாலின் நுனிவரை பக்கவாட்டில் முழுதாகத் தெரிய வேண்டும். கேமராவிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

இப்போது அளவுக்கு வருவோம். என் பெட்டியிலிருந்து நான்கை எடுத்து அளந்தேன். தோமானுக்கும் கொடுவாவுக்கும் கட்டும் டிசீவர் 9 செ.மீ. செபாரா மீனுக்குக் கட்டும் கிளவுசர் மின்னோ 6 செ.மீ. வூலி பக்கர் 4 செ.மீ. மலையோடைத் தெங்காஸ் மீனுக்கு 14-ஆம் எண் முள்ளில் கட்டும் உலர் ஃப்ளை (தண்ணீரின் மேல் மிதப்பது), வாலும் சேர்த்து, 1.1 செ.மீ. பெரியது சின்னதைவிட எட்டு மடங்கு நீளம். இந்த இரண்டுக்கும் ஒரே கேமராவைச் சொல்வது, ஆணிக்கும் தூணுக்கும் ஒரே சுத்தியலைச் சொல்வது போன்றது.

(டிசீவர் பற்றி ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. 1991-இல் அமெரிக்க அஞ்சல் துறை ஐந்து ஃப்ளைகளை அஞ்சல் தலைகளாக வெளியிட்டது. அதில் ஒன்று லெஃப்டி கிரே உருவாக்கிய இந்த டிசீவர். அஞ்சல் தலையில் இடம்பிடித்த ஒன்றை நம் ஏரிகளில் தோமான் துரத்துகிறது என்பதில் எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம்.)

கணக்கு எளிது. ஃப்ளையின் உருவம் கேமராவின் சென்சாரில் (ஒளியைப் பதியும் சில்லில்) எத்தனை மி.மீ. விழுகிறதோ, அதை ஃப்ளையின் உண்மையான நீளத்தால் வகுத்தால் வருவது உருப்பெருக்கம். கேனானின் ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவுச் சென்சாரின் அகலம் 22.3 மி.மீ. அதில் முக்கால் பங்கை ஃப்ளை நிரப்பினால் படம் அழகாக அமையும், அதாவது சுமார் 17 மி.மீ. 9 செ.மீ. டிசீவருக்கு அப்போது தேவைப்படுவது 0.19. கிளவுசருக்கு 0.28. வூலி பக்கருக்கு 0.42. தெங்காஸ் ஃப்ளைக்கு மட்டும் 1.5. மேக்ரோ லென்ஸ் (கிட்டத்துப் படத்துக்கான லென்ஸ்) என்று விற்கும் பெரும்பாலானவை தருவது 1, அதாவது 1:1, பொருள் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும்.

இந்த எண்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். கேமராவோடு சேர்த்தே கொடுக்கும் சாதாரண 18-55 மி.மீ. லென்ஸ், கேனானில் சுமார் 0.36 வரையிலும் நிக்கானின் ஏஎஃப்-பி வகையில் 0.38 வரையிலும் தரும். டிசீவருக்கும் கிளவுசருக்கும் அதுவே தாராளம். வூலி பக்கர் சட்டத்தின் முக்காலை நிரப்பாவிட்டாலும் 65 விழுக்காட்டை நிரப்பிவிடும். மலேசியாவில் ஃப்ளை கட்டும் பெரும்பாலோர் கட்டுவது இந்த அளவில்தான். ஆனால் இணையத்தில் நாம் படிக்கும் ஆலோசனைகளோ டிரவுட் மீனுக்குக் கொசு அளவில் கட்டுகிறவர்கள் எழுதியவை. அவர்களுக்கு மேக்ரோ லென்ஸ் கட்டாயம் வேண்டும். அதைப் படித்துவிட்டு 9 செ.மீ. டிசீவர் கட்டும் நம் ஆளும் மேக்ரோ லென்ஸ் தேடிப் புடு கேமராக் கடைகளுக்குப் போகிறார். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் இது. அந்தப் பணத்துக்கு நல்ல சேவல் கழுத்து இறகு வாங்கியிருக்கலாம்.

கையில் இருக்கும் கைப்பேசியை முதலில் பார்ப்போம். 2021-இல் வந்த ஐபோன் 13 புரோவிலிருந்து, அகலக் கோணக் கேமரா 2 செ.மீ. கிட்டத்தில்கூட ஃபோகஸ் ஆகிறது. சாம்சங்கின் உயர்விலைக் கைப்பேசிகளிலும் இதுபோன்ற வசதி உண்டு. தெங்காஸ் ஃப்ளைக்கு இது பயன்படும். பெரிய ஃப்ளைக்கு இதையே வைத்து எடுத்தால் கெட்டுவிடும். அகலக் கோணத்தில் அவ்வளவு கிட்டே போகும்போது, லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதி ஊதித் தெரியும், தூரத்துப் பகுதி சுருங்கும். தலை பூசணிக்காய் போலவும் வால் நூல் போலவும் வரும். அதோடு கைப்பேசியின் நிழலும் ஃப்ளையின் மேலேயே விழும். 6 செ.மீ.க்கு மேற்பட்ட ஃப்ளை என்றால் மேக்ரோவை அணைத்துவிட்டு, முதன்மைக் கேமராவில் 2 மடங்கு வைத்து, ஒரு சாண் தள்ளி எடுங்கள். ஐபோனில் திரையின் ஓரத்தில் வரும் பூ அடையாளத்தைத் தொட்டால் மேக்ரோ அணையும். கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் ஏதாவது தாங்கியில் நிறுத்தி, 3 விநாடி டைமர் வைத்து எடுத்தால் வரும் தெளிவைப் பார்த்துப் பலர் அசந்துபோயிருக்கிறார்கள்.

விலை குறைந்த கைப்பேசிகளில் 2 மெகாபிக்சல் மேக்ரோ என்று தனியாக ஒரு சின்னக் கேமரா இருக்கும். அதை மறந்துவிடுங்கள். அதே கைப்பேசியின் முதன்மைக் கேமராவில் எடுத்து வெட்டிக்கொண்டாலே இதைவிட நன்றாக வரும். கைப்பேசியில் மாட்டும் கிளிப் லென்ஸ் நடுவில் கூர்மையாகவும் ஓரத்தில் கலங்கலாகவும் எடுக்கும். ஃப்ளையோ நடுவிலிருந்து ஓரம் வரை நீள்வது. வால் எப்போதும் கலங்கிப் போகும்.

மெகாபிக்சல் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 3508-க்கு 2480 புள்ளிகள் போதும், 9 மெகாபிக்சல்கூட ஆகாது. வாட்ஸ்ஸாப் எப்படியும் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். 12 மெகாபிக்சலுக்கு மேல் பணம் கொடுப்பது இந்த வேலைக்குத் தேவையில்லை. 2002-இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் 4500-க்கு இருந்தது 4 மெகாபிக்சல்தான். ஆனால் அதன் உடல் நடுவில் திரும்பும், 2 செ.மீ.யில் ஃபோகஸ் ஆகும். அந்தக் காலத்தில் சின்னப் பொருளைப் படமெடுத்தவர்கள் அதை விரும்பியதில் வியப்பில்லை.

அடுத்தது ஒலிம்பஸ் டஃப் வரிசை. காஜாங்கில் இருக்கும் அண்ணன் ஒருவர், என்னோடு பத்து முறையாவது ஆற்றுக்கு வந்தவர், தன் டிஜி-6-ஐ இரண்டு வாரம் எனக்குக் கொடுத்தார். டிஜி-6 வந்தது 2019-இல், இப்போது ஓஎம் சிஸ்டம் பெயரில் விற்கும் டிஜி-7 வந்தது 2023-இல். இரண்டும் 12 மெகாபிக்சல், 15 மீட்டர் ஆழம்வரை தண்ணீர் புகாது. இவற்றில் உள்ள மைக்ராஸ்கோப் முறையில் லென்ஸின் முன்பக்கத்திலிருந்து 1 செ.மீ. வரை கிட்டே போகலாம். அதைவிட முக்கியம், ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி 3 முதல் 10 படம்வரை எடுத்து, கேமராவே அவற்றை ஒன்றாக்கித் தரும். தெங்காஸ் ஃப்ளையை வைஸில் (முள்ளைப் பிடித்து நிறுத்தும் கருவி) வைத்து ஒரு பொத்தானை அழுத்தினேன். சில விநாடிகளில், முன் இறகு நுனியிலிருந்து உடம்புவரை கூர்மையான படம் கிடைத்தது. கணினியைத் திறக்கவே வேண்டியதில்லை.

ஆற்றங்கரையில் இதற்கு நிகரில்லை. ஒரு கல்லைப் புரட்டி அடியில் இருக்கும் பூச்சியைப் படமெடுத்து, வீட்டுக்கு வந்து அதே நிறத்தில் ஃப்ளை கட்டலாம். மழை வந்தாலும் பையில் ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டு மேசையில் எனக்கு இரண்டு குறை பட்டது. முதலாவது, 1 செ.மீ. தூரத்தில் வெளிச்சம் புக இடமே இல்லை. அதற்கென்றே எல்ஜி-1 என்ற பிளாஸ்டிக் வளையம் உண்டு. கேமராவின் சொந்த எல்இடி வெளிச்சத்தை அது லென்ஸைச் சுற்றிப் பரப்பும். நிழல் போய்விடும், சரி. ஆனால் வெளிச்சம் நேர் முன்னாலிருந்து விழுவதால் இறகின் அடுக்கு தெரியாமல் தட்டையாகிவிடும். கண் ஒட்டிய ஃப்ளையில் அந்தக் கண்ணில் வெள்ளை வளையம் ஒன்று மிதக்கும். சற்றுத் தள்ளிப்போய் ஜூம் செய்து, பக்கத்து விளக்கில் எடுத்தபோது படம் எவ்வளவோ மேல். இரண்டாவது, வெளிச்சம் குறைந்தால் மெல்லிய இழைகள் குழைந்துவிடும், சின்ன சென்சாரின் இயல்பு அது. சின்ன சென்சார் என்றால் முன்னும் பின்னும் தானாகவே தெளிவாக வரும் என்று பலர் சொல்வார்கள். பெரிய கேமராவில் அப்பர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி புகும் துளை; எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்) எஃப்/8-க்கு மூடி, ஃப்ளையை அதே அளவில் சட்டத்தில் நிரப்பினால் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வராது. டஃப் கேமராவின் பலம் அந்த அடுக்கும் வசதிதான்.

இப்போது பெரிய விஷயம்: லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவும் மேக்ரோ லென்ஸும். இதில் தெரிந்துகொள்ள வேண்டியது தெளிவு ஆழம். ஒரு புள்ளியில் ஃபோகஸ் வைத்தால் அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் கூர்மையாக இருக்கும் என்ற அளவு அது. ஏபிஎஸ்-சி கேமராவில் டிசீவரை எஃப்/11-இல் எடுத்தால் சுமார் 14 மி.மீ. கிடைக்கும். டிசீவரின் தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரே படத்தில் வேலை முடிந்தது. தெங்காஸ் ஃப்ளையை 1:1-இல் எஃப்/8 வைத்து எடுத்தால் கிடைப்பது 0.6 மி.மீ. முள்ளைச் சுற்றி விரிந்து நிற்கும் சேவல் இறகு வட்டத்தின் குறுக்களவு 12 மி.மீ. உடம்பு தெளிவாக இருக்கும்போது முன் இறகுகள் வெறும் புகையாகத் தெரியும்.

அப்பர்ச்சரை இன்னும் மூடினால் என்ன? 1:1-இல் நீங்கள் எஃப்/16 வைத்தால், சென்சாரில் விழும் வெளிச்சத்துக்கு அது எஃப்/32 போல. ஒளி அந்தச் சின்னத் துளையில் வளைந்து பரவி, படம் முழுவதையும் மென்மையாக்கிவிடும். ஆழம் கூடும், கூர்மை போகும். ஆகவே சின்ன ஃப்ளைக்கு ஃபோகஸ் அடுக்குதான் வழி. நான் எஃப்/8-இல் அரை மி.மீ. அரை மி.மீ.யாக நகர்த்தி 15 முதல் 20 படம்வரை எடுத்து, கணினியில் ஹெலிக்கான் ஃபோகஸில் ஒன்றாக்குவேன். சீரீன் ஸ்டாக்கரும் இதையே செய்யும். இறகு இழைகள் ஒன்றின் குறுக்கே ஒன்று போகும் இடங்களில் ஒரு வெளிர் விளிம்பு தோன்றும். அதைக் கையால் துடைத்துச் சரிசெய்ய ஒரு ஃப்ளைக்குக் கால் மணி நேரமாவது ஆகும். விற்பதற்காக ஐம்பது ஃப்ளை எடுப்பவருக்கு இது தாங்காது. ஒரு மாதிரியை வருடக்கணக்கில் வைத்துக்கொள்ள விரும்பும் எனக்குத் தாங்கும்.

இந்த இடத்தில் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற, சற்றுச் சின்ன சென்சார் உள்ள கேமரா வகைக்கு ஒரு நியாயமான மேன்மை இருக்கிறது. சென்சார் அகலம் 17.3 மி.மீ. என்பதால், 1:1-இல் அதே 1.1 செ.மீ. ஃப்ளை சட்டத்தின் 64 விழுக்காட்டை நிரப்பும். ஏபிஎஸ்-சியில் அது பாதிதான். ஒலிம்பஸின் 60 மி.மீ. எஃப்/2.8 மேக்ரோ 2012-இல் வந்தது, கையளவு லென்ஸ், மிகக் கூர்மையானது. 2013-இல் வந்த ஓஎம்-டி இ-எம்1 உடலுக்கு, 2015 மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு, 8 படங்களைக் கேமராவுக்குள்ளேயே அடுக்கும் திறன் வந்தது. பத்து வருடத்துக்கு முந்திய அந்த உடல் இப்போது பழைய கேமராச் சந்தையில் கிடைக்கிறது. சின்ன ஃப்ளை மட்டுமே கட்டுகிறவர், கையில் எந்தக் கேமராவும் இல்லாதவர், பழையது வாங்கத் தயங்காதவர் என்று ஒருவர் இருந்தால், தயக்கமின்றி இதைத்தான் சொல்வேன். நண்பர் ஒருவரின் கேமராவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எடுத்துப் பார்த்தேன். திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

கேனான் அல்லது நிக்கான் உடல் ஏற்கெனவே இருந்தால் அதை விற்க வேண்டாம். கேனானுக்கு இஎஃப்-எஸ் 60 மி.மீ. மேக்ரோ, நிக்கானுக்கு 40 மி.மீ. மைக்ரோ (மேக்ரோவை நிக்கான் அப்படித்தான் அழைக்கும்). இரண்டும் 1:1 தரும். ஆனால் 40 மி.மீ. லென்ஸில் 1:1-க்குப் போக, சென்சாரிலிருந்து 16 செ.மீ.க்குள் ஃப்ளை இருக்க வேண்டும். லென்ஸின் நீளத்தைக் கழித்தால் ஃப்ளைக்கு முன்னால் மிஞ்சுவது சில சென்டிமீட்டர்தான். மறுபடியும் வெளிச்சத்துக்கு இடமில்லாத பிரச்சினை. 60 மி.மீ.யில் அதைவிடத் தாராளமாகக் கை நுழையும். விலை இடம்கொடுத்தால் 90 அல்லது 100 மி.மீ. இன்னும் வசதி.

ஃப்ளை அசையாது. அதற்குத் தானியங்கி ஃபோகஸ் எதற்கு? இதை யோசித்தால் மலிவான ஒரு கதவு திறக்கும். நிக்கானின் பழைய 55 மி.மீ. எஃப்/2.8 மைக்ரோ, கையால் திருகும் லென்ஸ், தனியாக 1:2 தரும், பிகே-13 என்ற 27.5 மி.மீ. குழாயோடு 1:1 தரும். அடாப்டர் போட்டால் எந்த மிரர்லெஸ் கேமராவிலும் மாட்டலாம். அப்பர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருக்கிறது. வாங்கும் முன் வளையம் இறுகிப் போயிருக்கிறதா, அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் படர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெறும் நீட்டிப்புக் குழாயும் உண்டு. 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. குழாய் போட்டால் உருப்பெருக்கம் 0.5 கூடும். வூலி பக்கருக்கு அது போதும். கேனானுக்கு வாங்கும்போது மின்தொடர்பு உள்ள குழாயாகப் பாருங்கள், இல்லாவிட்டால் அப்பர்ச்சரை மாற்ற முடியாது.

இதுவரை கேமரா. இனிச் சொல்லப்போவதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். ஒரே ஃப்ளையை, ஒரே மேசையில், கைப்பேசி, டிஜி-6, என் பழைய கேனான் 600டி மூன்றிலும் எடுத்து, காஜாங் அண்ணனிடம் எதில் எடுத்தது என்று சொல்லாமல் காட்டினேன். வாட்ஸ்ஸாப்பில் அனுப்பிய அளவில்தான். எது எந்தக் கேமரா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. பிறகு சமையலறைக் குழல்விளக்கில் எடுத்ததையும் நல்ல விளக்கில் எடுத்ததையும் காட்டினேன். பார்த்த மறுகணம் சொன்னார்: "இது செத்த ஃப்ளைலா தம்பி. இது உயிரோட இருக்கு."

மயிற்பீலி இழை சுற்றிய உடம்பை எடுத்துப் பாருங்கள், காரணம் புரியும். பீலியின் பச்சையும் செம்பும் சாயத்தால் வருவதில்லை. இழைக்குள் அடுக்கடுக்காக இருக்கும் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறக்கும் நிறம் அது. கோணம் மாறினால் நிறமும் மாறும். நேர் முன்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் பீலி கறுப்பாக, கம்பளி நூல் போல் கிடக்கும். விளக்கை மேலே தூக்கி, பக்கவாட்டில் ஒரு கை தூரம் நகர்த்தினால் பச்சை பற்றிக்கொள்ளும். எந்த விலையுள்ள கேமராவும் இதைத் தானாகச் செய்து தராது.

நான் வைத்திருப்பது இரண்டு மேசை விளக்கு. 5000 கெல்வின் அளவில் பகல்வெளிச்ச எல்இடி, நிறத் துல்லியம் (சிஆர்ஐ) 95-க்கு மேல் என்று அட்டையில் போட்டிருப்பது. ஒன்று இடப்பக்கம் மேலிருந்து, மற்றது வலப்பக்கம் சற்றுப் பின்னாலிருந்து. இரண்டுக்கும் முன்னால் டிரேசிங் பேப்பர். மினுக்கு இழை வைத்த ஃப்ளைக்கு இந்தத் தாள் இல்லாமல் முடியாது, வெறும் விளக்கில் இழை முழுவதும் வெள்ளைக் கீறலாகிவிடும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட வேண்டும். மஞ்சளும் வெள்ளையும் கலந்தால் வெள்ளை மான்வால் உரோமம் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் வரும், எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்வது சிரமம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மலிவு எல்இடியில் படம் கோடு கோடாக வந்தால் ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்கு மாற்றிப் பாருங்கள். டிரைபாட் இருக்கும்போது அரை விநாடி வைத்தாலும் தவறில்லை, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100-லேயே இருக்கட்டும்.

சார்ட்ரூஸ் பச்சை இன்னொரு தொல்லை. கிளவுசரில் பலரும் விரும்பும் நிறம் சார்ட்ரூஸும் வெள்ளையும். கேமரா அந்தப் பச்சையைத் திகட்டத் திகட்ட எடுத்து, உரோமத்தின் இழைகளை ஒரே பச்சைத் திட்டாக்கிவிடும். வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்தால் இழைகள் திரும்பி வரும்.

பின்னணிக்குச் சாம்பல் நிற அட்டை, ஃப்ளையிலிருந்து ஒன்றரைச் சாண் பின்னால். வாத்தின் சிடிசி இறகு போன்ற வெளிர் பொருளுக்கு மட்டும் கறுப்பு.

மின்விசிறியை அணைத்துவிடுங்கள். கோலாலம்பூர் இரவில் இது பெரிய தியாகம்தான். ஆனால் மாராபூ வால் (பெயர் மாராபூ, இன்று கடையில் கிடைப்பது வான்கோழி இறகு) மூச்சுக் காற்றுக்கே ஆடும். 15 படம் அடுக்கும்போது ஒவ்வொன்றிலும் வால் வெவ்வேறு இடத்தில் இருந்தால் மென்பொருள் என்ன செய்யும்? ஏர்கோனையும் முன்கூட்டியே அணைத்து, காற்று அடங்க ஐந்து நிமிடம் கொடுங்கள். எங்கள் கட்டடத்தில் யாராவது நடைபாதையில் வேகமாகப் போனால்கூட மேசை அதிர்வது கேமராத் திரையின் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கும்போது தெரிகிறது. அதனால் நான் எடுப்பது இரவு பதினொன்றுக்கு மேல்தான்.

பழைய லென்ஸ் வாங்குவது பற்றி. புடு பிளாசாவில் பழைய கேமராக் கடைகள் இருக்கின்றன, நேரில் கையில் எடுத்துப் பார்க்கலாம். அந்த வசதியை விடாதீர்கள். நான் முதலில் வாங்கிய மேக்ரோ லென்ஸை இணையத்தில் ஒருவரிடம், படத்தை மட்டும் பார்த்து, 480 வெள்ளிக்கு வாங்கினேன். வந்து சேர்ந்ததும் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே சிலந்தி வலை போல வெள்ளைப் பூஞ்சை. பணம் திரும்பவில்லை. இந்த ஊரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 விழுக்காட்டுக்கு மேல், அலமாரியில் பூட்டி வைத்த லென்ஸ் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். வாங்கும்போது அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். வாங்கிய பிறகு 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கும் உலர்பெட்டியில் வையுங்கள். அதே பெட்டியின் கீழ்த்தட்டில் என் சேவல் கழுத்துத் தோல்களும் இருக்கின்றன. அவையும் ஈரத்தில் கெடுபவைதான்.

நான் எதில் நின்றேன் என்று கேட்டால்: 600டி உடலும் அதோடு வந்த 18-55-உம். இரண்டாவது முறை கவனமாகப் பார்த்து வாங்கிய 60 மி.மீ. மேக்ரோ, தெங்காஸ் ஃப்ளைகளுக்கு மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வரும். கேனானின் இலவச மென்பொருளால் கேமராவை மடிக்கணினியோடு இணைத்து, பெரிய திரையில் ஃபோகஸ் பார்ப்பேன், கேமராவைத் தொடாமலேயே ஷட்டரை அழுத்துவேன். ஆற்றுக்குப் போகும்போது டிஜி-6 இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. ஒருநாள் வாங்குவேன்.

அக்கா மகன் மறுநாள் அளந்து சொன்னான். 8 செ.மீ. எல்லாமே 7-க்கும் 9-க்கும் நடுவில். "அப்ப கேமரா வேணாமா மாமா?" என்றான். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். கைப்பேசிக்கு ஒரு தாங்கியும் இரண்டு விளக்கும் டிரேசிங் பேப்பரும் சாம்பல் அட்டையும் வாங்கச் சொன்னேன். தெங்காஸுக்குக் கட்டத் தொடங்கினால் மறுபடி பேசுவோம், மீதிப் பணம் அதுவரை இருக்கட்டும் என்றேன்.

வெள்ளிக்கிழமை இரவு படம் வந்தது. பீலியில் பச்சை இருந்தது, கண் தெளிவாக இருந்தது, வால் நுனிவரை இழை பிரிந்து தெரிந்தது. தலையில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. பூசிய பசை இன்னும் காயவில்லை. காய்ந்ததும் இன்னொன்று எடுத்து அனுப்பு என்று பதில் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து அனுப்பினான். பெரிதாக்கி நூல் சுற்றுகளை எண்ணினேன். பதினொன்று.